மருந்தின் ஐந்தாம் கூறு



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்பன அந்நான்கு. இவற்றுள் நான்காவதாக எண்ணப்பட்டவரே இன்று செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தூய்மைப் பணியாளர் எனப் பல பெயர்களில் மருத்துவமனைகளைத் தாங்கி நிற்கின்றனர். துணைசெய்பவரையும் மருத்துவரோடு ஒருநிரையில் வைத்து எண்ணியது வள்ளுவரின் பெருமை. எனினும், ஒரு வீட்டின் நோய்க்குப் போதுமான இந்நான்கு கூறுகள் உலகத்தின் நோய்க்கும் போதுமானவையா என்னும் வினாவை 2020ஆம் ஆண்டு எழுப்பிற்று.

அவ்வாண்டு மார்ச் 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 22, ஞாயிறு மாலை 5 மணிக்கு இந்தியா முழுவதும் மக்கள் வாயிலிலும் மாடியிலும் நின்று கைதட்டினர், தட்டுகளை ஒலித்தனர், மணியடித்தனர். மருத்துவப் பணியாளர்க்கு நாடு செலுத்திய நன்றி அது. அந்நன்றியில் பொய்யில்லை. ஆயினும் இரண்டே நாள்களில், வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு மருத்துவர்கள் வற்புறுத்தப்படுவதாகத் தில்லி எய்ம்ஸ் உறைவிட மருத்துவர்கள் உள்துறை அமைச்சருக்கு முறையிட நேர்ந்தது. வாயிலில் நின்று கைதட்டிய ஊரே வாயிலை அடைக்கவும் செய்தது.

இம்முரண்பாட்டின் உச்சம் சென்னையில் நிகழ்ந்தது. ஏப்ரல் 13 அன்று நெல்லூரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் இந்நோயால் சென்னையில் இறந்தார். அவர் உடலை எரியூட்ட அம்பத்தூரில் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வாரம் கழிவதற்குள், ஏப்ரல் 19 அன்று, நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் அதே நோய்க்கு இரையானார். கீழ்ப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்ய எதிர்ப்புக் கிளம்பவே, உடல் அண்ணாநகரை அடுத்த வேலங்காட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்குக் கல்லும் கழியும் ஏந்திய கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. மனைவியும் மகனும் அகல நேர்ந்தது. நள்ளிரவிற்குப் பின்னர், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் மருத்துவமனைப் பணியாளர் இருவரின் துணையோடு, காவலர் பாதுகாப்பில் திரும்பி வந்து, மண்வெட்டியாலும் கைகளாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

தமிழர் மரபு இந்நிகழ்ச்சியின்முன் தலைகுனிய வேண்டும். ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, பெயரும் பீடும் பொறித்துப் போற்றிய மரபு அது. ஊரின் உயிரை மீட்கும் பணியில் வீழ்ந்தவருக்குக் கல் நாட்டுவது இருக்கட்டும். ஆறடி மண்ணே மறுக்கப்பட்டது.

கல்லெறிந்தவரைக் கொடியவர் எனக் கூறிக் கடந்துபோதல் எளிது. அவர்கள் அஞ்சியவர்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. புதைத்த மண்ணிலிருந்தும் எரித்த புகையிலிருந்தும் நோய் பரவும் என அவர்கள் எண்ணினர். ஆனால், முறைப்படி பொதியப்பட்ட உடலை அடக்கம் செய்வதால் அக்கம்பக்கத்தார்க்குத் தீங்கில்லை என்பது அப்பொழுதே அறியப்பட்டிருந்தது. உடல்களைக் கையாளும் நெறிமுறைகளை மைய நலவாழ்வு அமைச்சகம் மார்ச் 15 அன்றே வெளியிட்டிருந்தது. சாம்பலால் தீங்கில்லை என்றும் அதில் தெளிவுபடுத்தியிருந்தது. ஒரு திங்களுக்கு மேலாகியும் அவ்வறிவு அத்தெருவை எட்டவில்லை. மக்கள் நம்பும் வாயிலிருந்து, மக்கள் நம்பும் சொல்லில் அது வந்து சேரவில்லை. வதந்தியோ அழகிய தமிழில் வீடுதோறும் வந்து சேர்ந்தது. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

அக்காலக் கவிதைகள் மருத்துவரைத் தெய்வம் என்றன. செவிலியரைத் தேவதை என்றன. செய்தித்தாள்கள் 'முன்களப் பணியாளர்' என்னும் தொடரைப் பெருக வழங்கின. தெய்வத்திற்குப் பசியில்லை, உறக்கமில்லை, வாடகை வீடு வேண்டியதில்லை, அடக்கம் செய்ய இடமும் வேண்டியதில்லை. மனிதரைத் தெய்வமாக்கும் சொல், மனிதருக்குச் செய்ய வேண்டிய கடமையை மறைத்துவிடும். முன்களம் என்று ஒன்று உண்டெனில் பின்களம் என்றும் ஒன்று இருத்தல் வேண்டும். அப்பின்களம் ஊரே. சோறும் இருப்பிடமும் அச்சமின்றி வீடு திரும்பும் வழியும் அங்கிருந்துதான் செல்லல் வேண்டும்.

அங்ஙனம் நின்றவரும் இருந்தனர். 2013இல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் ஊரடங்கிலும் அடுப்பணையாமல் இயங்கின. அண்டைக் கேரளத்தில், 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ அமைப்பின் மகளிர் சமுதாயச் சமையற்கூடங்களை நடத்தினர். வேலங்காட்டு நிகழ்ச்சியின் மறுநாளே, நோயால் இறந்தோரை அடக்கம் செய்யத் தம் பொறியியல் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியைத் தருவதாக நடிகரும் அரசியல் தலைவருமான விஜயகாந்த் அறிவித்தார். கவிதை சொல்ல மறந்ததை அவ்வொரு செயல் சொல்லிற்று.

சட்டமும் விரைந்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 20 அன்று தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு ஐந்தாண்டு வரையிலும், கொடுங்காயம் விளைத்தால் ஏழாண்டு வரையிலும் சிறை விதிக்கும் அவசரச் சட்டத்தை மைய அரசு ஏப்ரல் 22 அன்று பிறப்பித்தது. கணவரைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அம்மருத்துவரின் மனைவி தொடர்ந்து போராடினார். அவ்வேண்டுகோளுக்கு உயர் நீதிமன்றம் இசைந்தது 2021 மார்ச் இறுதியில். சட்டம் கையைத் தடுக்கும்; அச்சத்தைத் தடுக்க அதனால் இயலாது. அச்சத்தைத் தணிப்பது அண்டை வீட்டாரின் சொல்லே.

ஆகவே, வள்ளுவர் வகுத்த நான்கோடு பெருந்தொற்றுக் காலம் ஐந்தாவது கூறு ஒன்றைச் சேர்க்கிறது. அக்கூறு ஊர். மற்ற நான்கும் செவ்வனே அமைந்தும் ஊர் பிழைத்தால் மருத்துவம் பிழைக்கும். இவ்வட்டத்தின் கவிஞர்கள் இனியொரு நோய் வருங்கால் மருத்துவர்க்குப் புகழ்மாலை தொடுக்கு முன்னர், தத்தம் தெருவில் நான்கு வீடுகளுக்குச் சென்று, அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என எளிய தமிழில் சொல்வார்களாயின், அதுவே இலக்கியம் மருத்துவத்திற்குச் செய்யும் துணை. நள்ளிரவில் மண்ணள்ளிய அம்மூவரும் தனித்து நின்றனர். அத்தனிமை இனி எவர்க்கும் நேராதிருப்பதாக.