ஒரு காதுக்கு இரண்டு சேனல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டு மணி நெருங்குகிறது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சில வருடங்களாக எனக்கு இடது காது கேட்பதில்லை. அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பாட்டுப் பைத்தியமான ஒருவனை இது என்ன பாடு படுத்தும் என்று பாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1963-ல் இரண்டே டிராக்கில் பதிவானது. அதன் ஸ்டீரியோ பதிப்பில் பெரும்பாலும் குரல்கள் ஒரு பக்கம், வாத்தியங்கள் மறுபக்கம். ஹெட்போனில் கேட்டால் எனக்குப் பாட்டு உண்டு, கிடார் கிடையாது. திருப்பி மாட்டினால் கிடார் உண்டு, பாட்டு கிடையாது!

"பேலன்ஸை வலது பக்கம் தள்ளிப் பாரேன்" என்று சொல்லாத நண்பர் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களே சொன்னார்கள். பேலன்ஸ் என்பது ஒரு பக்கத்தைக் குறைப்பது, அவ்வளவுதான். இடது சேனலில் இருப்பது எதுவும் வலதுக்கு வந்து சேராது. எனக்கு வேண்டியது ரூட்டிங். அதாவது எந்த சேனல் எங்கே போகணும் என்று நாமே தீர்மானிப்பது.

விண்டோஸில் இதற்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கு கமில்லா டிஎஸ்பி. இடதில் பாதி, வலதில் பாதி, இரண்டையும் கூட்டி வலதுக்கு அனுப்பு என்று எழுதிவிட்டால் போதும். ஏன் பாதி? டிஜிட்டலில் உச்ச வரம்பு என்று ஒன்று உண்டு. ஒரே குரல் இரண்டு சேனலிலும் முழு அளவில் வந்தால், கூட்டினால் இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் ஏறும். வரம்பைத் தாண்டியது வெட்டுப்பட்டு, காதில் கரகரவென்று விழும்.

இன்னொன்று. கூட்டும்போது சில பதிவுகளில் பாடகரே காணாமல் போவார்! கேசட்டிலிருந்து மாற்றியபோது ஒரு சேனலின் வயர் தலைகீழாக மாட்டியிருந்தால், இடதின் ஏற்றம் வலதுக்கு இறக்கம். நடுவில் நிற்கும் குரல் கழிந்து பூஜ்யமாகிவிடும். ஒரு சேனலுக்கு மட்டும் மைனஸ் குறி போடுங்கள், குரல் திரும்பி வரும். வீட்டில் ஒரு பழைய கேசட்டுப் பதிவை இப்படி மீட்டேன். நாலு தடவை கேட்டும் எழுந்திருக்க மனசு வரலை.

இரண்டு காதும் கேட்பவர்களுக்கும் இதில் வேலை உண்டு. சோபா ஓரத்தில் உட்காருகிறீர்கள், ஒரு ஸ்பீக்கர் 68 சென்டிமீட்டர் கிட்டே இருக்கிறது என்று வையுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, கிட்டே இருப்பதன் ஒலி 2 மில்லி செகண்ட் முந்தி வரும். முதலில் வருகிற பக்கத்தில்தான் பாட்டு இருப்பதாகக் காது நினைக்கும். ஹெல்முட் ஹாஸ் 1949-ல் தன் ஆய்வேட்டில் எழுதிய விஷயம் இது. எனவே அந்த ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, 2 மில்லி செகண்ட் தாமதமும் கொடுக்கணும். சோபாவின் மறு ஓரத்தில் இருப்பவருக்கு அது கெட்டுப்போகும். வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

மென்பொருள் எல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு, ஐபோன், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் எல்லாவற்றின் அமைப்புகளிலும் மோனோ ஆடியோ என்ற ஸ்விட்ச் இருக்கிறது. ஒரு காது மந்தமான தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இன்றைக்கே போட்டுக் கொடுங்கள்.

ஸ்டீரியோவின் அகலம் எனக்குத் திரும்பி வராது. 1931-ல் லண்டனில் ஆலன் ப்ளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததே அந்த அகலத்துக்காகத்தான். எந்த மென்பொருளும் அதை ஒற்றைக் காதுக்குத் தராது. அதனால் ஒன்று சொல்கிறேன். ஒரு காது திடீரென்று மந்தமானால், அழுக்குதான் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

லேப்டாப் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் பிசிக்ஸ் லேபில் இருப்பேன். ஹெட்போன் இருப்பவர்கள் எடுத்து வாங்க.