ஆஷ் மாண்டார், ஆட்சி மாண்டதா?

(பாளையங்கோட்டையில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



“மக்களை வதைத்தவர் ஒருவர் மாண்டார் என்று செய்தி வந்தால், நாங்கள் வாங்க வேண்டியது மாலையா, மத்தாப்பா?” இதுதான் நீங்கள் என்முன் வைத்திருக்கும் கேள்வி. ஒருபுறம், ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று இரங்கல் அறிக்கை. மறுபுறம், கைப்பேசித் திரையிலே கும்மாளம்! நேற்றுவரை ஏசியவர் இன்று ‘ஏந்தல்’ என்கிறார். நேற்றுவரை அஞ்சி ஒடுங்கியவர், இன்று பிணத்தைக் கண்டதும் வீரர் ஆகிவிடுகிறார்! இந்த இரண்டில் எது நம் வழி?

விடை தேடி ஏதென்சுக்கும் ரோமாபுரிக்கும் ஓட வேண்டியதில்லை. இதே பாளையங்கோட்டை மண்ணிலே ஒரு கல்லறை இருக்கிறது. அதனுள்ளே உறங்குபவர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ். திருநெல்வேலி மாவட்டத்தின் கலெக்டராக இருந்தவர். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், மணியாச்சி நிலையத்தில், முதல் வகுப்பு ரயில் பெட்டியில், மனைவி எதிரே அமர்ந்திருக்கச் சுட்டுக் கொல்லப்பட்டவர். கொடைக்கானலில் இருந்த தம் குழந்தைகளைக் காணப் புறப்பட்ட பயணம் அது. சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன், வயது இருபத்தைந்து. சுட்ட கையோடு தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார்.

ஏன் சுட்டார்? அந்தக் கதையைக் கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டும். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் வ.உ.சிதம்பரனார். ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. கடல் வெள்ளையனுக்கே சொந்தம் என்ற கணக்கு பொய்யானது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் நின்றார் சிதம்பரனார். அந்த ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் நெல்லை நகரம் கொந்தளித்தது. துப்பாக்கி வெடித்தது. நான்கு உயிர்கள் மண்ணில் சாய்ந்தன. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. கப்பல் ஓட்டிய கரங்கள் கோவைச் சிறையிலே செக்கிழுத்தன. அந்த நாளில் தூத்துக்குடியில் அதிகாரியாக அமர்ந்து, சுதேசிக் கப்பலை ஒடுக்குவதில் முன் நின்றவர் என்று மக்கள் மனத்தில் பதிந்த பெயர், ஆஷ்.

ஆகவே, நெல்லைச் சீமை ஆஷை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதை மறைக்க நான் வரவில்லை. அவர் மாண்ட பிறகு நடந்ததைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெள்ளை அரசு அழுதது. தூத்துக்குடியிலே எண்கோண மண்டபம் எழுந்தது. கடமை வீரருக்குக் கல்லிலே புகழ்! சரி, செக்கிழுத்தவருக்கு? மாண்டுபோன நால்வருக்கு? மண்டபம் பேசவில்லை. ‘மாண்டவரைக் குறை சொல்லலாகாது’ என்ற மரபு இருக்கிறதே, அது பல நேரங்களில் ஆண்டவரைக் காப்பதற்கே பயன்படுகிறது, தோழர்களே!

மறுபக்கம் மட்டும் முழு உண்மை பேசியதா? வாஞ்சியின் துணிவு உண்மை. பிறரைப் பலி கொடுத்துத் தான் தப்பியவரல்லர்; தன் உயிரையே கொடுத்தவர். அதற்காகவே அந்த நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்று வழங்குகிறது. ஆனால், அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதமும் உண்மைதானே! அதிலே சுயராச்சியத்தோடு சேர்த்து சனாதன தருமமும் நிலைநாட்டப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சன் முடிசூடுவதா என்று கொதித்திருந்தது. துணிவைப் பாடுவோர் அந்த வரிகளைத் தொடாமல் நழுவுகிறார்கள். அண்மைக் காலத்திலோ, ஆஷ் ஒடுக்கப்பட்ட மக்களுக்காகவே உயிர் விட்டவர் என்ற கதையும் உலா வருகிறது. சான்று எங்கே என்றால், கதைதான் மீண்டும் வருகிறது. சான்று வரக் காணோம்! ஒரு கதையில் அவர் அரக்கர், இன்னொரு கதையில் அருளாளர். மனிதர் மட்டும் எங்கோ தொலைந்துபோனார்.

நெல்லைத் துப்பாக்கிச் சூட்டையும் ஆஷின் தலையிலேயே கட்டுவோர் உண்டு. அன்று மாவட்டக் கலெக்டராக நெல்லையில் இருந்தவர் விஞ்ச். ஆஷ் கலெக்டராக வந்தது 1910-இல். ‘எல்லாம் வெள்ளையன்தானே, யார் தலையில் எழுதினால் என்ன?’ என்று கேட்பீர்களானால், நாளை நம் தலையிலும் எவரும் எதையும் எழுதலாமே! மாண்டவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார். ஆகவேதான் அவர் கணக்கை எழுதும் கை நேர்மையான கையாக இருக்க வேண்டும். ஒரு காசும் குறைக்காதே; ஒரு காசும் கூட்டாதே!

அடுத்து, மகிழ்ச்சி. ஆஷ் மாண்ட செய்தி சிறையிலே சிதம்பரனாரின் காதுக்கு எட்டியபோது, அதை நல்ல செய்தி என்றே ஏற்றதாகத் தம் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. செக்கிழுத்தவருக்கு அந்த உரிமை உண்டு! காயம் பட்டவன் பெருமூச்சு விட்டால், அதை அளந்து பார்க்க நாம் யார்? ஆனால் தோழர்களே, செக்கைக் கண்ணால் கண்டிராத நாம், அந்தப் பெருமூச்சை இரவல் வாங்கி ஊர்வலம் விடலாமா?

அந்தச் சிதம்பரனாரே பிறகு என்ன செய்தார்? வழக்கறிஞர் உரிமத்தைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் நினைவாக, தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளை ஆட்சியை வெறுத்தவர். நன்மை செய்த வெள்ளையரின் பெயரைத் தம் வீட்டுத் தொட்டிலிலே வைத்தார்! ஆட்சி வேறு, ஆள் வேறு என்பதை இதைவிட அழகாக எவர் சொல்ல முடியும்?

ஆஷ் மாண்டாரே, ஆட்சி மாண்டதா? இல்லை. சதி வழக்கு வந்தது. பலர் சிறை புகுந்தனர். சிதம்பரனாருக்குச் சிறைக்கதவு 1912 டிசம்பரில்தான் திறந்தது. சுதேசிக் கப்பல் திரும்பவில்லை. கலெக்டர் நாற்காலி காலியாகக் கிடக்கவுமில்லை. இன்னொருவர் வந்து அமர்ந்தார். அந்த நாற்காலியை ஆட்டி அசைக்க இன்னும் முப்பத்தாறு ஆண்டுகள், எண்ணற்ற மக்களின் உழைப்பு தேவைப்பட்டது. ஆள் விழுந்ததும் ஆடுகிறவன், நாற்காலி நிற்பதை மறந்துவிடுகிறான்!

ஆஷை அனுப்பிய அதே இங்கிலாந்தைக் கேளுங்கள். மன்னன் முதலாம் சார்லசின் தலை 1649-இல் விழக் காரணமானவர்களில் ஒருவர் ஆலிவர் கிராம்வெல். 1658-இல் நோயிலே மாண்டார். மன்னராட்சி திரும்பியதும், 1661-இல் அவர் உடலைத் தோண்டி எடுத்துத் தூக்கிலே தொங்கவிட்டார்கள். தலையைக் கழியிலே குத்தி வைத்தார்கள். பிணத்தை வென்றார்கள்! மன்னர் குலம் பிழைத்ததா? 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாட்டைவிட்டே ஓடினார். 1899-இல், பாராளுமன்றத்தின் வெளியே கிராம்வெல்லுக்கு வைத்த சிலை இன்றும் நிற்கிறது. பிணத்தைத் தண்டித்தவர்கள் பெற்ற பயன் அவ்வளவுதான்.

நமக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. நரகாசுரன் மாண்ட நாள் என்று சொல்லி நாடே வெடி வெடிக்கும்போது, ‘ஒருவன் சாவு இன்னொருவனுக்குத் திருநாளா?’ என்று கேட்ட இயக்கம் நம் இயக்கம். அந்தக் கேள்வியை ஊருக்குக் கேட்டுவிட்டு, நமக்குப் பிடிக்காதவர் மாண்டால் நாமே வெடி வாங்கலாமா? அப்படியானால், நரகாசுரன் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதே தீபாவளியைத்தானே கொண்டாடுகிறோம்!

வழி காட்டியவர் தந்தை பெரியார். இராசாசியைப் போல் அவர் எதிர்த்த தலைவர் மிகச் சிலரே. 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டத்தை வேரோடு சாய்க்கப் போராடியவர் அவர். 1972 டிசம்பர் 25-இல் இராசாசி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியிலே சுடுகாட்டுக்கு வந்தார், கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீருக்காகக் குலக்கல்வி நல்லதென்று சொன்னாரா? ஓர் எழுத்தையாவது திரும்பப் பெற்றாரா? இல்லை! கண்ணீர் மனிதருக்கு, எதிர்ப்பு கொள்கைக்கு. இரண்டையும் ஒரே நெஞ்சில் தாங்கினார்.

‘அவர் இராசாசியின் நண்பர், அழுதார், எங்களை வதைத்தவனுக்காக நாங்கள் ஏன் அழ வேண்டும்?’ என்று கேட்கிறீர்கள். அழ வேண்டாம்! வராத கண்ணீரை வரவழைப்பது நடிப்பு. நாடகம் எழுதுகிறவன் சொல்கிறேன், அந்த நடிப்பு மேடையோடு நிற்கட்டும். அழாதே, ஆடாதே, ஆனால் மறக்காதே!

ஆஷின் பேரப்பிள்ளைகள் வாஞ்சியின் குடும்பத்துக்கு நல்லிணக்கச் செய்தி அனுப்பினார்கள். கொன்றவர் குடும்பத்துக்கு, கொல்லப்பட்டவர் குடும்பம் கை நீட்டியது! நூறு ஆண்டுப் பகையைப் பேரப்பிள்ளைகள் இறக்கி வைக்கும்போது, நாம் எதைத் தூக்கிச் சுமக்கப்போகிறோம்?

நாம் சுமக்க வேண்டியது ஒன்று உண்டு. 1908 மார்ச் 13-இல் இந்த நெல்லையிலே மாண்ட அந்த நால்வர்! ஆஷின் பெயரை இங்குள்ள ஒவ்வொருவரும் அறிவீர்கள். அந்த நால்வரின் பெயரை எத்தனை பேர் அறிவீர்கள்? கை தூக்குங்கள், பார்ப்போம்... வதைத்தவனையே நினைத்து வெறுத்துக்கொண்டிருந்தால், வதைபட்டவனை நினைக்க நேரமில்லாமல் போகிறது. அதுவும் வதைத்தவனுக்குக் கிடைக்கும் வெற்றிதான்!

ஆகவே இளந்தோழர்களே, அடுத்த முறை அப்படியொரு செய்தி வரும்போது மாலையும் வேண்டாம், மத்தாப்பும் வேண்டாம். அவர் செய்ததைத் திரிக்காமல் எழுதுங்கள். அவரால் வாடியவர்கள் வீட்டுக்குச் சென்று, என்ன தேவை என்று கேளுங்கள். அவர் விட்டுச் சென்ற நாற்காலியில் யார் அமர்கிறார், எந்தச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று பாருங்கள். நம் போர் அந்தச் சட்டத்தோடு, சவத்தோடு அன்று!