யார் செய்த தப்பு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படிச்சவன், பம்ப் பத்தித்தான் பேசுவான்" என்று நினைத்து வந்திருப்பீர்கள். மன்னிக்கவும். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்ட நான், இன்று செல் பிரிவதைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம், என் மகள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் பிறந்தாள். குரோமோசோம் பரிசோதனையில் 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 என்று வந்தது. டவுன் சின்ட்ரோம். உறவுக்காரர்கள் கிரகணத்தைச் சொன்னார்கள், பப்பாளியைச் சொன்னார்கள். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நான் என்னங்க தப்பு செஞ்சேன்?" எனக்குப் பதில் தெரியவில்லை. மெஷின் நின்றால் டிராயிங்கை எடுத்துப் பார்ப்பது நம் பழக்கம் அல்லவா? அப்படித்தான் புத்தகத்தை எடுத்தேன்.

நம் உடம்பின் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள். ஜோடியில் ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. தோல் செல் இரண்டாகும்போது 46-ஐயும் நகல் எடுத்து இரண்டுக்கும் 46 கொடுத்துவிடுகிறது. விந்தும் முட்டையும் இப்படியே 46 கொண்டுவந்தால் பிள்ளைக்கு 92, பேரப்பிள்ளைக்கு 184 ஆகிவிடும்! அதனால் இனச்செல்லுக்குத் தனி வழி: மியாசிஸ், பாடநூல் தமிழில் குன்றல் பகுப்பு. நகல் எடுப்பது ஒரு முறை. பிரிவது இரண்டு முறை. முதலில் ஜோடிகள் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பிறகு ஜோடி பிரிகிறது. இரண்டாம் பிரிவில் நகல்கள் பிரிகின்றன. முடிவில் ஒரு செல்லுக்கு 23. ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. அதிலேயே 83,88,608 விதம் உண்டு. அண்ணன் மாதிரி தம்பி இல்லாததற்கு இதுதான் காரணம்.

ஆணுக்கு இந்த வேலை பருவ வயதில் தொடங்குகிறது. பெண்ணுக்கோ, அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, முதல் பிரிவின் நடுவில் நின்றுவிடுகிறது. பருவமடைந்த பின் மாதம் ஒரு முட்டை அதை முடிக்கும். இரண்டாம் பிரிவு விந்து சேர்ந்தால்தான் முடியும். என் மனைவிக்கு அப்போது வயது 27. அத்தனை வருஷம் காத்திருந்த முட்டை அது.

பிரியும்போது 21-ஆம் ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், பிள்ளைக்கு அது மூன்றாகிவிடும். டவுன் சின்ட்ரோம் குழந்தைகளிடம் இப்படி ஒன்று கூடுதலாக இருப்பதை 1959-இல் பாரிஸில் லெஜூன் குழுவினர் வெளியிட்டார்கள். இந்தப் பிசகு பெரும்பாலும் முட்டையில் நடக்கும். சில சமயம் விந்திலும் நடக்கும். தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும் என்றாலும், எந்த வயதிலும் நேரலாம். எங்களுக்கு எந்தப் பக்கம் நேர்ந்தது என்று ரிப்போர்ட் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. கரு உருவான அன்றே 47 என்று முடிந்துபோன கணக்கை, பிறகு தின்ற பப்பாளியா மாற்றும்?

இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் காகிதத்தில் படம் போட்டு வீட்டில் விளக்கினேன். என் மனைவி அழுதாள். ஆனால் அது வேறு அழுகை. மாமியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இந்தப் பேத்தியோட முட்டையை நானும் என் வயித்துல சுமந்திருக்கேன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிரகணப் பேச்சு இல்லை.

மாணவச் செல்வங்களே, நாளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், தாயிடம் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்காதீர்கள். "குழந்தை பேர் என்ன?" என்று கேளுங்கள். என் மகளிடம் கேட்டால் அவளே சொல்லுவாள். போன மாதம்தான் சொல்லக் கற்றுக்கொண்டாள்.