அரை நொடிச் செய்தி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு பெட்டியைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் வரும் பெரிய கப்பல்களின் மேல்தளத்தில் அந்தப் பெட்டி மாட்டியிருக்கும். பெயர் ஈபர்ப். கப்பல் மூழ்கினால் நாலு மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீரின் அழுத்தமே அதை விடுவித்துவிடும். மிதந்து மேலே வந்து தானாகவே உதவிக்குக் கூப்பிடும். 48 மணி நேரமாவது கூப்பிட வேண்டும் என்பது விதி. விமானத்தில் உள்ளது ஈ.எல்.டி. மோதுகிற அதிர்ச்சியில் இயங்கும். ஆள் கையில் வைத்திருப்பது பி.எல்.பி. அதை நாம்தான் இயக்கணும்.

மூன்றுக்கும் அலைவரிசை 406 மெகாஹெர்ட்ஸ். பழைய 121.5-ஐச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நின்றது. அதில் வெறும் ஊளைச் சத்தம்தான். கூப்பிடுவது யார் என்றே தெரியாது. பக்கத்தில் வந்துவிட்ட ஹெலிகாப்டருக்கு வழிகாட்ட மட்டும் இப்போது அது உதவுகிறது.

எலெக்ட்ரானிக்ஸ் தம்பிகள் கொஞ்சம் கவனிங்க. முதல் தலைமுறைக் கருவி சுமார் 50 நொடிக்கு ஒரு தடவை பேசும். முதல் 160 மில்லி நொடி வெறும் அலை. பிறகு நொடிக்கு 400 பிட் வேகத்தில் செய்தி. சின்னச் செய்தி 112 பிட், மொத்தம் 0.44 நொடி. இருப்பிடத்தையும் சேர்த்த பெரிய செய்தி 144 பிட், 0.52 நொடி. தொடக்கத்தில் 15 ஒன்றுகள், அடுத்து 000101111 என்ற அடையாளம். பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் அதே இடத்தில் 011010000 போகும். கடைசி எட்டும் தலைகீழ். ‘இது சும்மா சோதனை’ என்று அமைப்பு ஒதுக்கிவிடும். பிறகு நாட்டுக்குப் பத்து பிட்; இந்தியாவுக்கு 419, அதாவது 0110100011. கருவியின் அடையாளம் 60 பிட், எழுதினால் 15 எழுத்து. கூடவே பிழை திருத்தும் பிட்டுகள். இதைவிடச் சிக்கனமான தந்தியை நான் பார்த்ததில்லை!

பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்காவும் சோவியத்தும் கனடா, பிரான்ஸோடு கைகோத்து இதற்கான செயற்கைக்கோள் ஏற்பாட்டைச் செய்தன. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூன்று பேர்தான் முதலில் பிழைத்தவர்கள்.

சரி, நம்ம பழவேற்காட்டு ஃபைபர் படகுக்கு என்ன இருக்கிறது? இஸ்ரோ உருவாக்கிய டாட் கருவி 2010 முதல் புழக்கத்தில் உள்ளது. தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி என்று பிரித்துச் சொல்லலாம். செய்தி இந்தியக் கட்டுப்பாட்டு மையம் வழியாகக் கடலோரக் காவல்படைக்குப் போகும். ஆனால் போய்ச் சேர்ந்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. கரையிலிருந்தும் அதில் எதுவும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மீனவர்களில் பலருக்கு எச்சரிக்கையே எட்டவில்லை. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை டாட் இரண்டு வேலையும் செய்கிறது: ‘கிடைத்தது’ என்று பதில் தரும், புயல் எச்சரிக்கையும் மீனவரின் மொழியிலேயே வரும். என் கணக்கில் அந்தப் பதில்தான் பெரிய விஷயம். பதில் வந்தவன் படகை விட்டுக் குதிக்க மாட்டான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் இரும்பாலைகளில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய இரும்போடு இப்படி ஒரு பெட்டி வந்தால் உலைப்பக்கம் கொண்டுபோகாதீங்க. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும். விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், மேலே உள்ள 15 எழுத்தைக் குறித்துக்கொண்டு கடலோரக் காவல்படையின் 1554-க்கு உடனே சொல்லுங்க. ‘கும்மிடிப்பூண்டியில் குப்பையில் கிடக்கு, ஆபத்தில்லை’ என்று சொன்னால் போதும், அவர்கள் தேடுவதை நிறுத்திக்கொள்வார்கள்.