பனிமலை சொல்லும் எச்சரிக்கை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பனிச்சரிவு பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சங்கச் செயலாளர் சிரித்துவிட்டார். "அண்ணே, அகரத்துல வெயில் மண்டையைப் பிளக்குது. நீங்க பனியைப் பத்தியா பேசப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் குடகனாற்றுப் பக்கம் புல்நுனியில் நிற்கிற பனி. மிஞ்சிப் போனால் ஜனவரியில் கொடைக்கானல் புல்வெளியில் வெள்ளையாகப் படியும் உறைபனி. ஆனால் இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்த நான் சில குளிர்காலங்களைக் காஷ்மீரில் கழித்தவன். அங்கே தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. காரணம் இரண்டு.

முதல் காரணம், நம் பக்கத்துப் பிள்ளைகள். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலை மீது பெரிய பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்தார்கள். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மதுரை, தேனி, வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். ஆறாம் நாள் கர்நாடகத்து வீரர் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. 11ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் காலமானார். மதுரையும் தேனியும் நமக்கு எட்டாத ஊர்களா? பக்கத்து மாவட்டங்கள்.

அவர்கள் கடமைக்காக நின்றவர்கள். ஆபத்து என்று தெரிந்தாலும் இடத்தை விட்டு வர முடியாது. இரண்டாவது காரணம், ஆசைப்பட்டுப் போகிறவர்கள். இன்றைக்கு நம் மாணவர்கள் மணாலி, குல்மார்க், சிக்கிம் என்று கூட்டமாகக் கிளம்புகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனிச்சரிவு விழுந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 13ஆவது மைல் வரைதான் அனுமதி, அவர்கள் 15ஆவது மைல் வரை போய்விட்டார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

குல்மார்க்கைப் பாருங்கள். அங்கே கம்பியில் ஓடும் கோண்டோலா வண்டி, அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டு போய் விட்டுவிடும். வண்டித் தடத்தை ஒட்டிய சரிவுகளைக் காவல் குழு கண்காணிக்கிறது. அதைத் தாண்டி ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் பராமரிக்காத திறந்த மலை. உலகம் முழுவதிலும் இருந்து பனிச்சறுக்குக்காரர்கள் அந்தத் திறந்த மலைக்காகவே வருகிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே போலந்து நாட்டவர் 2 பேர் மாண்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்ய நாட்டவர் ஒருவர். இவர்கள் புதியவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. 2010 பிப்ரவரி 8 அன்று, மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 ராணுவத்தினரையே அதே குல்மார்க் பனி கொண்டு போயிருக்கிறது.

சரி, பனி ஏன் சரிகிறது? மேலே கனம் கூடினால் சரியும் என்று நினைக்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதி அடியில் இருக்கிறது. மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. தரையை ஒட்டிய அடுக்கு ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கும். இந்த வித்தியாசத்தால் நீராவி கீழேயிருந்து மேலே ஏறும். ஏறும்போது அடிப்பனியைச் சீனி மாதிரி மணி மணியாக மாற்றிவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு சுமார் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும், இந்த வேலை நடக்கும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது, விரல் இடுக்கில் ஓடிவிடும். நாம் பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரர்கள். நமக்குச் சுலபமாகப் புரியும். நல்ல பனியில் துகள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். சீனிப் பனியில் பூட்டு விழாது.

ஆகவே பனி குறைவாக விழுந்த வருடத்தில் ஆபத்தும் குறைவு என்று எண்ணாதீர்கள். பனி மெலிசாக இருந்தால் அந்த 10 டிகிரி வித்தியாசம் சீக்கிரம் வந்துவிடும். சீனிப் பனி அதிகமாக உண்டாகும். பிறகு ஒரு பெரும் பனிப்பொழிவு வந்தால் மேலே கெட்டியான பலகை, கீழே உருளும் சீனி.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பலகை ஒன்றில் கேழ்வரகைப் பரப்பி, மேலே ஒரு சிலேட்டை வையுங்கள். பலகையை மெல்லச் சாயுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. "பரவாயில்லையே" என்று நினைக்கிற நேரத்தில் சிலேட்டு மொத்தமாக வழுக்கி வரும். கொஞ்சம் கொஞ்சமாக வராது. பலகைச் சரிவு என்பது இதுதான். இது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலையில் நடக்கிறது. சாதாரண மாடிப்படியின் சாய்வே ஏறத்தாழ 30 டிகிரி வரும். பார்த்தால் பயப்படுகிற செங்குத்து அல்ல, ஆசையாகச் சறுக்குகிற சாய்வு!

ஆனால் பனிமலை பெரும்பாலும் சொல்லாமல் செய்வதில்லை. திறந்த மலையில் சறுக்குகிறவர்கள் கவனிக்கிற அடையாளங்கள் ஐந்து. ஒன்று, அதே திசையைப் பார்த்த பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம். இரண்டு, கால் வைத்ததும் அடியில் "தொம்" என்று அமுங்கும் சத்தம். அடியடுக்கு நொறுங்குகிற சத்தம் அது. மூன்று, காலடியிலிருந்து கண்ணாடி மாதிரி ஓடும் விரிசல். நான்கு, கடந்த ஓரிரு நாளில் விழுந்த கனமான பனி, அல்லது பலத்த காற்று. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டும். வானம் வெளுத்திருந்தாலும் சரிவில் பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்து, திடீரென்று ஏறும் வெப்பம், அல்லது பனி மேல் மழை.

கண்ணுக்குத் தெரியாததைத் தோண்டிப் பார்ப்பார்கள். 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் பனித்தூண் ஒன்றைச் செதுக்கி, மேலே மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. நாலாம் தட்டிலேயே ஓர் அடுக்கு பெட்டியின் இழுப்பறை மாதிரி நழுவி வந்தால், மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். பார்த்ததை எழுதி மற்றவர்களுக்கும் சொல்வார்கள். இன்று ஒருவர் கேட்ட "தொம்" சத்தம், நாளை வேறொருவர் உயிரைக் காக்கும்.

நம் நாட்டில் பனிச்சரிவு முன்னறிவிப்பைத் தருவது ராணுவ ஆய்வுத் துறையைச் சேர்ந்த டி.ஜி.ஆர்.இ. நிறுவனம். ஆபத்தை 1 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்கிறார்கள். மாணவர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். ஐந்துக்கு மூன்று என்றால் நமக்கு "பாஸ்" என்று தோன்றும். பனியில் அது அப்படியல்ல. ஐரோப்பாவில் மூன்றாம் நிலை நாட்களில்தான் அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள். நான்கு என்றால் பயந்து வீட்டில் இருப்பார்கள். மூன்று என்றால் கிளம்பிவிடுவார்கள்.

புதைந்துவிட்டால்? முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் மூன்று பேர்தான். ஹெலிகாப்டர் வரும், நாய் வரும் என்று காத்திருக்க நேரம் இல்லை. பக்கத்தில் நிற்கும் நண்பனே தோண்ட வேண்டும். அதனால்தான் ஆளுக்கு ஒரு ரேடியோ அலைக் கருவி, குத்திப் பார்க்க ஒரு நீளக் கம்பி, ஒரு மண்வெட்டி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

கடைசியாக, மிக முக்கியமானது. உயிர்ப்பலி வாங்கிய பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை, மாண்டவரோ அவருடன் போனவர்களோதான் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இயன் மெக்கேமன் என்பவர் 715 விபத்துகளை ஆராய்ந்தார். அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தும் போயிருக்கிறார்கள். ஏன்? "போன வருஷமும் இங்கேதானே வந்தோம்." "இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பறதா?" "முன்னாடி நாலு பேர் போயிருக்காங்களே." "அண்ணனுக்குத் தெரியாததா?" இந்த வசனங்கள் அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமா? நம் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்தில் கேட்காத வசனமா?

நாம் பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பனிச்சரிவின் முன்னால் நிற்கும்போது அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். அங்கே நல்ல குழுக்கள் வைத்திருக்கும் விதி இது: குழுவில் கடைக்குட்டி "எனக்குச் சரியாப் படலை, திரும்பலாம்" என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கலாம், கேலி செய்யக்கூடாது. "தொம்" சத்தம் முதலில் யார் காலடியில் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? பின்னால் வருகிற சின்னவன் காதில் மட்டும் விழுந்திருக்கலாம். அவன் வாய் திறக்கவில்லை என்றால் மலை சொன்ன எச்சரிக்கை வீணாகிவிடும்.

இது பனிக்கு மட்டும் அல்ல. மழைக்காலத்தில் கொடைக்கானல் மலைப்பாதையில் பாறை மேல் ஊறிக் கிடக்கும் மண்ணுக்கும் பொருந்தும். ஆற்றில் குளிக்க இறங்கும் கூட்டத்துக்கும் பொருந்தும். தயங்குகிறவனைக் கோழை என்று சொல்லாதீர்கள், நின்று கேளுங்கள். பெரியவர்களாகிய நாம், சின்னவர்கள் தயங்காமல் சொல்வதற்கு இடம் கொடுப்போம். சின்னவர்களே, மரியாதையோடு சொல்லுங்கள், ஆனால் சத்தமாகச் சொல்லுங்கள்.