மலை உச்சியில் ஐந்து வாட்

(சங்கத்தின் குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கையில் வாக்கி டாக்கி மாதிரி ஒன்றோடு நடப்பதைப் பார்த்து, "சார், போலீஸ்ல சேர்ந்துட்டீங்களா?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் ஹாம் ரேடியோ உரிமம் பெற்றவன். லாபத்துக்காக அல்லாமல், ஆர்வத்துக்காக வானொலியில் பேசுபவர்களை ஹாம் என்பார்கள். பாட்டும் செய்தியும் ஒலிபரப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. ஒருவரோடு ஒருவர் பேசலாம், அவ்வளவுதான்.

சென்ற மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். உரிமத்தையும், வெளியிடத்தில் இயக்குவதற்கான அனுமதியையும் பையில் வைத்திருந்தேன். "அரை மணி நேரம்தான், அப்புறம் சாப்பாடு" என்று மனைவியின் உத்தரவு. கொண்டுபோனவை மூன்றே பொருட்கள்: 5 வாட் கைக்கருவி, நைலான் கயிறு, நானே செய்த ஆண்டெனா. அந்தக் காலத்தில் டி.வி.க்குப் போட்ட தட்டை ஒயர் நினைவிருக்கிறதா? அதில் ஒன்றரை மீட்டர் வெட்டிச் செய்தது. சுருட்டினால் சட்டைப்பைக்குள் அடங்கும். சேலம் பக்கம் திறந்த ஒரு பாறைமேட்டில், மின்கம்பி எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, மரக்கிளையில் தொங்கவிட்டேன்.

145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் "சி க்யூ, சி க்யூ" என்று கூப்பிட்டேன். "யாராவது இருக்கிறீர்களா" என்று பொருள். முதலில் சேலத்திலிருந்து பதில் வந்தது. அடுத்து நாமக்கல், பிறகு ஈரோடு. ஒவ்வொருவரும் "ஐந்து ஒன்பது" என்றார்கள். பேச்சுத் தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து, அலையின் வலுவுக்கு ஒன்பதுக்கு ஒன்பது. உரிமம் இல்லாததால் பேத்தி பேசக் கூடாது. ஆகவே நோட்டுப் புத்தகம் அவளிடம். தேதி, நேரம், அலைவரிசை, அழைப்புக்குறி எல்லாம் கட்டம் போட்டு எழுதினாள். என் பழைய லெட்ஜரைவிட அழகாக இருந்தது.

ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியும் அளவு மின்சாரத்தில் ஈரோடு வரை எப்படிப் போயிற்று? உயரம்தான் காரணம். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1ஆல் பெருக்கினால், அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவருக்குச் சுமார் 5 கிலோமீட்டர். அதுவும் நடுவில் கட்டடங்கள் இல்லாவிட்டால்தான். சமவெளிக்கு மேல் 1,000 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு 130.

இனி நம் மொட்டை மாடிக்கு வாருங்கள். உயரம் 16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 4. கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். எதிர்முனையில் இருப்பவரும் மாடியில் நின்றால் இன்னொரு 16. நமக்கும் ஒரு குட்டி மலை இருக்கிறது!

இதை ஏன் சொல்கிறேன்? 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. அடுத்த பகுதியில் இருந்த சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் தவித்தோம். ஹாம் கருவிக்கு டவர் தேவையில்லை, பேட்டரி போதும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி தம் குழுவோடு போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்கான ஆர்வப் பயணம் அது. 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி அறுந்தபோது, அதே கருவிகள்தான் கடல் தாண்டிச் செய்தி கொண்டுபோயின. அவர்கள் பயன்படுத்தியது சிற்றலை. வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். ஆபத்து வந்த பிறகு கற்றுக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது. பொழுதுபோக்காகப் பழகிய கை, தேவைப்பட்டபோது உதவியது. மலையில் நான் செலவிட்ட அரை மணி நேரமும் அப்படிப்பட்ட பயிற்சிதான்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் கிடைக்கிறதே என்று கருவி வாங்கிப் பேசிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் இந்த அலைவரிசைகளில் பேசுவது குற்றம். மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அடிப்படை மின்னியலும் விதிமுறைகளும்தான் பாடம். வணிகவியல் படித்த நானே தேறினேன். அதே போல, இடி இடித்தால் ஆண்டெனாவைத் தொடாமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

சங்கத்திடம் இரண்டு கோரிக்கைகள். மேல்நிலைத் தொட்டியின் பக்கத்தில், இடிதாங்கிப் பாதுகாப்போடு, மெல்லிய ஆண்டெனா ஒன்று வைக்க அனுமதி தாருங்கள். செலவு என்னுடையது. இரண்டாவது, நம் குடியிருப்பிலிருந்து இரண்டு மூன்று பேராவது தேர்வு எழுத முன்வாருங்கள். என் ஒருவனால் முடியாது. வெள்ளம் வரும் அன்று நான் ஊரில் இல்லாமல் போகலாம். ஞாயிறு மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். எட்டாவது படிக்கும் பேத்தி முதல் பெயர் கொடுத்துவிட்டாள். காபி உண்டு, கட்டணம் இல்லை.