தேரூர் குளத்துக்கு ஒரு சரிவுக் கரை

கவிமணி பிறந்த தேரூரின் குளத்தையும் சுசீந்திரம் குளத்தையும் சேர்த்து 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள். இந்தப் பக்கத்துக் குளங்களை 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளே குறிப்பிடுகின்றன. வயலுக்காக மனிதன் வெட்டிய குளங்கள்தான். ஆனால் கூழைக்கடாவுக்கும், மத்திய ஆசியத் தடத்தில் வலசை வரும் பறவைகளுக்கும் இவைதான் புகலிடம்.

1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையைப் பொதுவாக ஜூனில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள்; அடுத்த போகமான கும்பப்பூ முடியும்போது, பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். குளங்களின் நீர்மட்டமும் அதையொட்டியே ஏறி இறங்கும். நீர் அதிகம் ஏறினால் நாரைக்கு இரை எட்டாது. ஒரேயடியாக வடிந்தால் மீனே மிஞ்சாது. கணுக்கால் அளவு நீரும் சேறும் இருந்தால்தான் உள்ளான் மேயும். தூர்வாரும்போது கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் அந்தச் சேற்று விளிம்பே போய்விடும். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

அதிகாரிகளே, விவசாயிகளே, குளத்தைத் தூர்வாருங்கள், அது அவசியம். ஒரு பக்கக் கரையை மட்டும் சரிவாக விடுங்கள். பறவைகள் வந்து அமரும் என்பதால் குளத்துக்குள் நிற்கும் மரங்களை வெட்டாதீர்கள். வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் மாதங்களில் எந்திரங்களை இறக்காதீர்கள்.